செப்பாங்: ஒரு பந்தயத் தடத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

"மாமா, எல்லா டிராக்கும் தார் ரோடுதானே? வளைச்சு வளைச்சுப் போட்டிருக்காங்க. அதுல பேச என்ன இருக்கு?"

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோஜிபி, அதாவது உலக மோட்டார் சைக்கிள் பந்தயம், பார்க்கப் போகும் வழியில் அக்கா மகன் கேட்டான். பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு, எலைட் நெடுஞ்சாலையில் டோல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அவனுக்குப் பதினாறு வயது. எந்த ஓட்டுநர் எந்த அணிக்குப் போகிறார், எந்த மோட்டார் எத்தனை வேகம் போகும் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பான். தடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டான். கோலாலம்பூரிலிருந்து 60 கிலோமீட்டர் தூரம் இருக்கிறதே, நேரம் இருந்தது. அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பந்தயம் பார்க்க இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும்.

சர்க்கியூட் என்பது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும் ஒரு மூடிய சாலை. ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு லேப். செப்பாங்கில் ஒரு லேப் 5.543 கி.மீ. மொத்தம் 15 வளைவுகள். கடிகார முள் சுற்றுகிற திசையில் ஓட்டுவார்கள். ஃபார்முலா 1 கார்கள் இங்கே ஓடிய காலத்தில் 56 லேப், அதாவது 310 கி.மீ.க்குச் சற்று மேல். இந்த எண்களைச் சொன்னதும் அக்கா மகன், "சரி, அவ்வளவுதானே" என்றான். அவ்வளவு இல்லை. அடுத்து ஒரு விஷயம் புரிந்தால்தான் தடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதன் பெயர் ரேசிங் லைன்.

வீட்டில் இருக்கிற சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு இருபது காசை வையுங்கள். இரண்டின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். காசின் விளிம்பில் விரல் சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும், தட்டின் விளிம்பில் மெதுவாகத் திரும்பினால் போதும். வண்டிக்கும் அப்படித்தான். வளைவு எவ்வளவு பெரிய வட்டத்தின் துண்டாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக அதில் போகலாம். டயர் தாங்கும். அதனால் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் முடிந்தவரை பெரிய தட்டாக ஆக்கப் பார்ப்பார். வலப்பக்க வளைவு வந்தால் தடத்தின் இட ஓரத்துக்குப் போய், அங்கிருந்து திருப்பி, வளைவின் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடியும் இட ஓரத்துக்கு விரிந்து வெளியேறுவார். இந்த வழிதான் ரேசிங் லைன். உலு யாம் மலைச்சாலையில் மோட்டார் ஓட்டுகிற நம் பையன்கள் இதைத் தன்னையறியாமல் செய்வார்கள். எதிரே லோரி வரும் சாலையில் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் தடம் என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. எல்லா வளைவும் சமமல்ல. ஒரு வளைவுக்குப் பிறகு நீண்ட நேர்ச்சாலை வந்தால், அந்த வளைவிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறீர்கள் என்பதுதான் முக்கியம். அங்கே கூடுதலாகக் கிடைத்த வேகம் நேர்ச்சாலை முழுவதும் உங்களோடு வரும். நேர்ச்சாலை முடிவில் மெதுவான வளைவு இருந்தால் அங்கேதான் முந்துவார்கள், ஏனென்றால் அங்கே எல்லோரும் பலமாக பிரேக் பிடித்தாக வேண்டும். யார் கடைசி நொடிவரை பிரேக் பிடிக்காமல் போகிறாரோ அவர் உள்பக்கம் நுழைந்துவிடலாம். நீண்ட நேர்ச்சாலை, பிறகு குறுகிய வளைவு. முந்துவதற்கு ஒரு தடத்தில் இந்த இணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செப்பாங்கில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது. அதுவும் அடுத்தடுத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தத் தடம் வந்த கதை. நம் ஊரில் மோட்டார் பந்தயம் 1999இல் தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஷா ஆலத்தில் பத்து தீகா தடம் 1968லேயே திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் போட்டிகளின் மலேசியச் சுற்று அங்கேதான் நடந்தது. 1998இல் ஒருமுறை ஜோகூருக்குப் போனது. பத்து தீகா தடத்தை 2003இல் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே குடியிருப்பு. அந்தத் தடத்தில் ஓடியவர்களின் நினைவாவது எங்காவது எழுதிவைக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை.

செப்பாங் கட்டப்பட்டது வேறு நோக்கத்தோடு. தொண்ணூறுகளில் பிரதமர் மகாதீர் நாட்டை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். இரட்டைக் கோபுரம், புதிய விமான நிலையம், அதோடு ஃபார்முலா 1. கேஎல்ஐஏ என்கிற அந்த விமான நிலையம் 1998இல் திறந்தது. அதன் பக்கத்திலேயே செம்பனைத் தோட்ட நிலத்தில் 14 மாதங்களில் தடத்தைக் கட்டி முடித்து 1999 மார்ச்சில் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் டில்கே. வெறும் நிலத்திலிருந்து அவர் உருவாக்கிய முதல் ஃபார்முலா 1 தடம் இது. பஹ்ரைன், ஷாங்காய், இஸ்தான்புல் எல்லாம் பிறகு வந்தவை. டில்கே தடங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறை செப்பாங்குக்குப் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன். அவருடைய நல்ல யோசனைகள் எல்லாம் முதலில் இங்கேதான் வந்தன.

முதல் ஃபார்முலா 1 போட்டி 1999 அக்டோபர் 17 அன்று. கால் முறிந்து பல வாரம் ஓய்விலிருந்த மைக்கேல் ஷூமாக்கர் திரும்பி வந்து, தன் அணித்தோழர் எடி அர்வைனை முன்னே விட்டு, பின்னால் வந்தவர்களைத் தடுத்துக் காப்பாற்றினார். அர்வைன் ஜெயித்தார். போட்டி முடிந்ததும் காரின் பக்கப் பலகை அளவு சரியில்லை என்று ஃபெராரியின் இரண்டு கார்களையும் தகுதி நீக்கம் செய்தார்கள். பாரிஸில் மேல்முறையீடு செய்து வெற்றியைத் திரும்பப் பெற்றார்கள். முதல் போட்டியிலேயே உலகம் முழுக்க செப்பாங்கின் பெயர் அடிபட்டது.

சரி, இப்போது ஒரு லேப் போய் வருவோம். வளைவுகளுக்கு நம் நாட்டு இடங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பங்கோர் லாவுட், லங்காவி, கெந்திங், கேஎல்ஐஏ, தியோமான், கென்யிர் ஏரி, சன்வே லகூன் என்று வரிசையாக வரும். ஆனால் பந்தய ரசிகர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, எண் சொல்லித்தான் பேசுவார்கள். நானும் எண்ணே சொல்கிறேன்.

டயர் மாற்ற வண்டிகள் ஒதுங்குகிற இடம் பிட். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய நேர்ச்சாலையில் 300 கி.மீ. வேகத்தைத் தாண்டி வருகிறார்கள். முடிவில் முதல் வளைவு, வலப்பக்கம். இது போகப் போகச் சுருங்கிக்கொண்டே வருகிற வளைவு. தட்டாகத் தொடங்கிக் காசாக முடியும். வேகத்தை முழுதும் குறைப்பதற்குள் இறக்கத்தில் இடப்பக்கம் திரும்பும் 2ஆம் வளைவு வந்துவிடும். முதல் வளைவில் உள்ளே நுழைந்து முந்தியவர், இரண்டாவதில் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்வார். அதனால் அங்கே முந்தினாலும் வேலை முடிந்ததாக ஆகாது, அடுத்த நொடியே இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். 2024 மோட்டோஜிபியில் பன்யாயாவும் ஹோர்ஹே மார்ட்டினும் முதல் சில லேப்புகளில் மாறி மாறி முந்தினார்களே, அதைத் திரும்பப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

3ஆவது முழு வேகத்தில் போகிற நீண்ட வளைவு. பிறகு ஏற்றத்தில் 4. அப்புறம் வருகின்ற 5, 6 இரண்டும் வேகமான இட வலத் திருப்பங்கள். தொலைக்காட்சியில் சாதாரணமாகத் தெரியும். நேரில் பார்த்தால்தான் கார் எப்படிப் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது என்பது தெரியும், ஓட்டுநரின் கழுத்து படும் பாடும் தெரியும். டயரை அதிகம் தின்கிற இடமும் இதுதான். 7, 8 வலப்பக்கம், 9 இடப்பக்கம் கொண்டை ஊசி. 10, 11இல் மறுபடி வலம். 12 வேகமாக இடம்.

11ஆம் வளைவில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2011 அக்டோபர் 23, மோட்டோஜிபி, இரண்டாம் லேப். மார்கோ சிமோன்செல்லி அங்கே சறுக்கினார். மோட்டார் வெளியே போகாமல் தடத்தின் குறுக்கே திரும்பி வந்துவிட, பின்னால் வந்த இருவருக்கு விலக நேரமில்லை. அந்த இருவரில் ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர் வாலன்டினோ ரோஸி. சிமோன்செல்லி இறந்துபோனார். வயது 24. போட்டி ரத்தானது. சறுக்கி விழுபவர் வெளிப்பக்கம் போவார் என்று கணக்குப் போட்டுத்தான் தடங்களில் அகலமான சரளைக்கல் பரப்பும் தடுப்பும் அமைக்கிறார்கள். உள்பக்கம் திரும்பி வந்தால் எந்தத் தடத்தாலும் காப்பாற்ற முடிவதில்லை. இன்றும் அவருடைய 58ஆம் எண் போட்ட சட்டைகளை செப்பாங்கில் பார்க்கலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

இனி 14. என் கணக்கில் செப்பாங்கின் இதயம் இதுதான். மற்ற மெதுவான வளைவுகளில் நேராக வந்து, பிரேக் பிடித்து, திரும்பலாம். இங்கே முடியாது. 13இலேயே வலப்பக்கம் சாய்ந்தபடிதான் வருகிறார்கள். சாய்ந்திருக்கும்போதே பிரேக் பிடிக்க வேண்டும். ஒரு டயருக்கு ஓரளவு பிடிமானம்தான் உண்டு. அதைத் திரும்புவதற்கும் செலவழித்து, நிறுத்துவதற்கும் செலவழித்தால் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் இங்கே நிறையப் பேர் அகலமாகப் போய்விடுகிறார்கள். 2015இல் ரோஸியும் மார்க்கேஸும் மோதிக்கொண்டு மார்க்கேஸ் விழுந்தது இந்த 14இல்தான். அந்த மோதலுக்காக ரோஸிக்குத் தண்டனைப் புள்ளிகள் கிடைத்தன, கடைசிப் போட்டியில் கடைசி இடத்திலிருந்து கிளம்பினார், பட்டமும் கைவிட்டுப் போனது.

14இல் ஏற்படும் சிறிய தவறுக்குப் பெரிய விலை, ஏனென்றால் அதன் பின்னால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலை இருக்கிறது. அதன் முடிவில் 15, இடப்பக்கம் கொண்டை ஊசி. அதைத் திரும்பினால் மறுபடி பிட் முன்னால் உள்ள பெரிய நேர்ச்சாலை, அதன் முடிவில் முதல் வளைவு. ஆக இரண்டு நேர்ச்சாலைகள், நடுவில் ஒரே ஒரு குறுகிய திருப்பம். இப்படி அமைந்த தடம் அபூர்வம். 15இல் முந்தியவரை முதல் வளைவில் திருப்பி முந்தலாம். வாழையிலை போன்ற கூரை போட்ட பெரிய பார்வையாளர் அரங்கை இந்த இரண்டு நேர்ச்சாலைகளுக்கும் நடுவே கட்டியிருக்கிறார்கள். ஒரே கட்டடத்தின் இருபக்கமும் பந்தயம் ஓடும்.

15ஆம் வளைவு பற்றி நம்மவர்களுக்கு ஒரு வலி உண்டு. 2012 அக்டோபர், மோட்டோ3. மோட்டோஜிபிக்குக் கீழே மோட்டோ2, அதற்கும் கீழே மோட்டோ3 என்று சிறிய மோட்டார்களுக்கான பிரிவுகள் உண்டு. நம் நாட்டு ஸுல்ஃபாஹ்மி கைருடின் முதல் இடத்திலிருந்து கிளம்பி, கடைசி லேப்பின் கடைசி வளைவுவரை வெற்றியைக் கையில் வைத்திருந்தார். 15இல் சாண்ட்ரோ கோர்ட்டேஸே உள்ளே நுழைந்து எடுத்துக்கொண்டார். அதே நாளில் மோட்டோ2வில் 18 வயது ஹஃபிஸ் ஷாரின் மழையில் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் முன்னால் ஓடி, நான்காவதாக வந்தார்.

மழை என்றேன் அல்லவா. செப்பாங்கின் குணத்தில் பாதியைத் தீர்மானிப்பது வானம்தான். காலையிலிருந்து வெயில் நிலத்தைச் சுடுகிறது, ஈரக் காற்று மேலெழும்புகிறது, மாலையில் கொட்டித் தீர்க்கிறது. நமக்குப் புதிதில்லை. ஐரோப்பாவிலிருந்து வருகிற அணிகளுக்குத்தான் தலைவலி. காற்றின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், தார் 50 டிகிரியைத் தாண்டும், ஒரு போட்டியில் வியர்வையாகவே இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடும். அந்த வெப்பத்தில் டயரைக் காப்பாற்றி ஓட்டத் தெரிய வேண்டும். பிறகு திடீரென்று மழை. அதுவும் ஐந்தரை கிலோமீட்டர் தடம் என்பதால் ஒரு முனையில் கொட்டும்போது மறுமுனை காய்ந்திருக்கும்.

2001இல் போட்டி தொடங்கிய சில லேப்புகளிலேயே அப்படிக் கொட்டியது. ஃபெராரியின் இரண்டு கார்களும் ஒரே இடத்தில் தடத்தைவிட்டு வெளியே போயின. பிட்டுக்கு வந்தால் அங்கே டயர் குழப்பம், ஒரு நிமிடத்துக்கும் மேல் நின்றார்கள். ஆனால் மற்றவர்கள் கனமழை டயர் போட்டபோது அவர்கள் மிதமான மழைக்கான டயரைப் போட்டிருந்தார்கள். மழை விட்டதும் எல்லோரையும் முந்தி முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். 2009இல் மழை விடவே இல்லை. ஐரோப்பாவின் தொலைக்காட்சி நேரத்துக்காகப் போட்டியை மாலை 5 மணிக்குத் தொடங்கியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு இங்கே வானம் எப்படி இருக்கும் என்று கோலாலம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். 56 லேப்பில் 31 லேப் கணக்கோடு நின்றுபோனது, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். ஜென்சன் பட்டன் ஜெயித்தார்.

2012 மார்ச் மழை எனக்கு மிகவும் பிடித்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டு ஓடியவற்றிலேயே மிகவும் மெதுவான காரான எச்ஆர்டியை ஓட்டினார். கிளம்பியது கடைசி வரிசையில். ஆனால் ஆரம்பத்திலேயே கனமழை டயரைப் போட்டிருந்தார். மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓட, இவர் தடத்திலேயே இருந்தார். சிவப்புக் கொடி காட்டிப் போட்டியை நிறுத்தியபோது அவர் இருந்த இடம் பத்தாவது. கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் எல்லோரும் மழை விடக் காத்திருந்தோம், பெரிய திரையில் பத்தாவது வரியில் அவர் பெயர். மறுபடி தொடங்கியதும் பின்னால் போய்விட்டார், போகத்தான் செய்வார், காரின் வேகம் அவ்வளவுதான். இருந்தாலும் அந்த ஐம்பது நிமிடமும் எங்கள் வரிசையில் இருந்த யாரும் எழுந்து போகவில்லை.

மழையில் ரேசிங் லைனும் மாறிவிடும். இதைத் தெரிந்துகொண்டால் மழைப் போட்டி பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். காய்ந்த தடத்தில் எல்லோரும் ஒரே வழியில் ஓடி ஓடி டயர் ரப்பர் தாரில் படிந்துவிடும். வெயிலில் அது நல்ல பிடிமானம். மழை பெய்தால் அதே ரப்பர் பூச்சுதான் முதலில் வழுக்கும். அதனால் கெட்டிக்கார ஓட்டுநர்கள் வழக்கமான வழியை விட்டு, வெளிப்பக்கம் ரப்பர் படியாத தாரைத் தேடிப் போவார்கள். செப்பாங் அகலமான தடம் என்பதால் அதற்கு இடம் இருக்கிறது. ஒடுங்கிய தெருத் தடங்களில் இது நடக்காது.

அந்த ரப்பரை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். 2017 அக்டோபர் 1, இங்கே நடந்த கடைசி ஃபார்முலா 1 போட்டி. முதல் நாள்தான் இருபது வயது நிறைந்த வெர்ஸ்டாப்பன், நாலாவது லேப்பில் முதல் வளைவில் ஹாமில்டனை முந்திப் போட்டியை ஜெயித்தார். முடிந்ததும் கதவைத் திறந்து எங்களைத் தடத்துக்குள் விட்டார்கள். ரேசிங் லைன் கறுத்துப் பளபளவென்று இருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, சுருண்ட சிறு சிறு ரப்பர் துண்டுகள். டயரிலிருந்து உரிந்து பக்கத்தில் ஒதுங்கியவை. ஒன்றை எடுத்தேன். இளஞ்சூடாக, விரலில் ஒட்டியது. அழுத்தினால் அமுங்கி மெதுவாக எழுந்தது. பால்மரம் வெட்டிய என் தாத்தா மாலையில் வாளியில் கொண்டுவரும் ஒட்டுப்பால் இப்படித்தான் இருக்கும். இந்தத் துண்டுகள் கிடக்கும் பக்கம் டயர் ஏறினால் மணலில் ஏறியதுபோல் பிடிமானம் போய்விடும். முந்தப் போகிறவர் வழியை விட்டு விலகும்போது எவ்வளவு துணிகிறார் என்று அன்று விரலால் தெரிந்துகொண்டேன்.

ஃபார்முலா 1 போனதற்குக் காரணம் பணம். நடத்துகிற செலவு ஏறியது, டிக்கெட் விற்பனை இறங்கியது. 2008இலிருந்து சிங்கப்பூர் இரவுப் போட்டியும் பக்கத்திலேயே வந்துவிட்டது. 19 போட்டிகளோடு முடிந்தது. அந்தக் கடைசி வாரத்திலும் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரோமன் குரோஷான் ஓட்டிய கார், தடத்தோரம் கழன்றிருந்த வடிகால் மூடியில் டயர் கிழிந்து தடுப்பில் போய் மோதியது.

மோட்டோஜிபி மட்டும் நிலைத்துவிட்டது. எனக்கு அதில் வியப்பில்லை. ஃபார்முலா 1 காரை நம்மில் யார் ஓட்டியிருக்கிறோம்? கப்சாய் என்கிற சின்ன மோட்டாரை ஓட்டாத வீடு உண்டா? 1994இலிருந்து நடக்கிற கப் பிரி போட்டிகளில் அதே சின்ன மோட்டார்களை வைத்துத்தான் நம் பையன்கள் பழகுகிறார்கள். உலக அணிகளும் பிப்ரவரி மாதம் புதிய மோட்டார்களைச் சோதிக்க செப்பாங்குக்கு வருகின்றன. நீண்ட நேர்ச்சாலை, வேகமான வளைவு, கொண்டை ஊசி, சுடுகிற தார் எல்லாம் ஒரே லேப்பில் கிடைக்கின்றன.

தடமும் அப்படியே இருந்துவிடவில்லை. 2016இல் முழுவதும் புதிய தார் போட்டார்கள். 15ஆம் வளைவின் உள் ஓரத்தை உயர்த்தி, தடம் வெளிப்பக்கம் சரிகிற மாதிரி மாற்றினார்கள். உள்ளே ஒட்டித் திரும்பினால் இப்போது வண்டி வெளியே வழுக்கும். அதனால் ஒருவர் உள்ளே போவார், இன்னொருவர் அகலமாகப் போய்த் தாமதமாகத் திரும்புவார். எது சரி என்று ஓட்டுநர்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை.

அன்று நாங்கள் உட்கார்ந்தது பெரிய அரங்கின் பின்பக்கம், மேல் வரிசை. 14இலிருந்து வெளியே வருவதும் 15க்கு முன்னால் பிரேக் பிடிப்பதும் அங்கிருந்து தெரியும். போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். மழைச்சட்டையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில லேப்புகளுக்கு அக்கா மகன் வழக்கம்போல் பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டோ3 பாதி தாண்டியிருக்கும், ஒரு கூட்டமாக ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவன் என் தோளைத் தட்டி, "மாமா, முன்னாடி போறவன் 14ல அகலமா போயிட்டான், பாருங்க" என்றான். அவர்கள் 15க்கு வந்து பிரேக் பிடித்தபோது முன்னால் போனவர் மூன்றாவதாக இருந்தார்.